போர்மேசைக்கு ஏற்ற ரயில்: உருவம், பாதை, ஆண்டு

உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிறு படைவீரர்களை மேசைமீது நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் கொண்டு பழைய போர்களை ஆடிப் பார்ப்பது வார்கேமிங் எனப்படும் போர்விளையாட்டு. 1850களுக்குப் பிந்தைய போர் எதுவானாலும் அந்த மேசையில் ரயிலுக்கு இடமுண்டு. துருப்புகளை ஏற்றிவரும் வண்டி, தகர்க்க வேண்டிய பாலம், காக்க வேண்டிய நிலையம், பீரங்கி பூட்டிய கவச ரயில் என அதன் வேலை போருக்குப் போர் மாறும். ஆனால் கடைகளில் கிடைக்கும் மாதிரி ரயில்கள் போர்விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலும் அமைதிக்கால ரயில்வேயை விரும்புவோருக்காகச் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து ஒரு குறிப்பிட்ட போருக்குரியதைப் பொறுக்கி எடுக்க மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். பக்கத்தில் நிற்கும் வீரனுக்கு வண்டி பொருந்துகிறதா? தண்டவாளத்தின் அகலம் அந்த நாட்டுக்குரியதா? அந்தப் போர் நடந்த ஆண்டில் அப்படியொரு வண்டி இருந்ததா? கண்ணை முதலில் உறுத்துவது முதல் கேள்வியில் நேரும் பிழை. வரலாற்றைக் கெடுப்பது மூன்றாவதில் நேரும் பிழை.

முதல் சிக்கல், இரு உலகங்களும் வேறுவேறு முறையில் அளப்பதால் வருவது. ரயில் மாதிரிகளுக்கு விகிதம் உண்டு: 1:87 என்றால் நிஜத்தில் 87 மீட்டர் மாதிரியில் 1 மீட்டர். போர்விளையாட்டு உருவங்களுக்கோ உயரம்தான் பெயர்: 15 மி.மீ., 20 மி.மீ., 28 மி.மீ. என்று. அந்த உயரத்தைச் சிலர் பாதத்திலிருந்து கண்வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலைவரை. அதனால் 28 மி.மீ. உருவம் ஏறத்தாழ 1:56 என்று பொதுவாகக் கொண்டாலும், தடித்த உடலும் பெரிய தலையும் கொண்ட வார்ப்புகள் 1:48க்கு அருகிலேயே தெரியும். உருவத்தின் அடியில் ஒட்டும் வட்டத் தகடு இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்த்திவிடும். இந்தச் சிறு உயர்வு 28 மி.மீ. வீரனுக்குப் பொருட்டல்ல. 15 மி.மீ. வீரனுக்கு அது உடலின் ஐந்தில் ஒரு பங்கு.

ஆகவே விகித எண்ணைப் பார்த்து வாங்குவதைவிட, உருவத்தை எஞ்சின் கதவருகே நிறுத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. ஓட்டுநர் அறையின் கதவு வழியாக அந்த வீரன் லேசாகக் குனிந்து நுழைய முடியுமெனில் வண்டி பொருந்தும். அவன் தலை கூரையை முட்டினால் எந்த எண் எழுதியிருந்தாலும் பயனில்லை.

இந்தச் சோதனையில் தேறுபவை பின்வருமாறு அமையும். 6 மி.மீ. படைகளுக்கு 1:220 விகிதத்து இசட் ரயில் சற்றுப் பெரிது. ஆனாலும் சந்தையில் எளிதாகக் கிடைப்பதில் அதுவே அருகிலுள்ளது. 10, 12 மி.மீ. படைகளுக்கு என் அளவு நன்றாகப் பொருந்தும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் 1:150. 15 மி.மீ. படைக்குப் பலரும் 1:87 விகிதத்து எச்.ஓ. வாங்குகிறார்கள், 1:120 விகிதத்து டி.டி. அளவைவிட அது பொருந்துவது குறைவு. டி.டி. கிழக்கு ஜெர்மனியில் வேரூன்றி வளர்ந்த அளவு என்பதால் ஜெர்மன், கிழக்கு ஐரோப்பிய வண்டிகள் அதில் நிறைய உண்டு. கிழக்குப் போர்முனையை 15 மி.மீ. உருவங்களில் ஆடுவோர் முதலில் தேட வேண்டியது அங்கேதான். 1:72 பிளாஸ்டிக் வீரர்களுக்கு 1:76 விகிதத்து பிரிட்டிஷ் ஓ.ஓ. ரயில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். 28 மி.மீ. படைக்கு 1:64 விகிதத்து எஸ் அளவு சற்றுச் சிறிது, கிடைப்பதும் அரிது. 1:48 விகிதத்து அமெரிக்க ஓ அளவு சற்றுப் பெரிது, விலையும் அதிகம். இவ்விரண்டில் பெரியதையே தேர்வது நல்லது. ரயில் என்பது மனிதனைச் சிறிதாக்கிக் காட்டும் பொருள். எஞ்சின் ஓரளவு பெரிதாக இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், வீரனின் தோளுயரத்தில் நின்றால் பொறுக்காது.

அடுத்தது பாதை அகலம். எச்.ஓ., ஓ.ஓ. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில். 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வருகிறது, உலகின் பெரும்பகுதி பின்பற்றும் நியமப் பாதை அதுவே. அதே 16.5ஐ 76ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,255 மி.மீ. தான். பிரிட்டிஷ் ஓ.ஓ. எஞ்சின்கள் தமக்குரிய பாதையைவிடக் குறுகிய பாதையில் ஓடுவதாகவே காலங்காலமாக விற்கப்படுகின்றன. ரயில் ஆர்வலர்கள் தலைமுறைகளாக வாதாடிவரும் குறை இது. போர்மேசையில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பெருக்கல் கணக்கை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம் என்பதுதான் போர்விளையாட்டுக்காரருக்கு முக்கியம்.

அதே தண்டவாளத்தில் 1:64 வண்டியை நிறுத்தினால் நிஜப் பாதை 1,056 மி.மீ. ஆகிறது. தென்னாப்பிரிக்க ரயில்வேயின் கேப் பாதை 1,067 மி.மீ. டமாஸ்கஸிலிருந்து மதீனாவரை 1908இல் முடிக்கப்பட்ட ஹிஜாஸ் ரயில்பாதை 1,050 மி.மீ. போயர் போரையும் அரபுக் கிளர்ச்சியையும் ஆட நினைப்பவருக்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமே உரிய தண்டவாளமாகிவிடுகிறது. அதன்மேல் 1:48 வண்டி நின்றால் 792 மி.மீ.; இரண்டரை அடிக் குறும்பாதைக்கு நெருக்கம். ஓ.என்.30 என்ற பெயரில் அமெரிக்கப் பாணி வண்டிகள் விற்கப்படுவது இந்தக் கணக்கில்தான். 28 மி.மீ. படை வைத்திருப்போர் பலரும் கடைசியில் வந்து சேரும் இடமும் அதுவே. எஞ்சின் நீளம் குறைவு, ஓட்டுநர் அறை உயரம், விலையும் முழு ஓ அளவைவிடக் குறைவு.

இன்னும் வியப்பானது அமெரிக்க ஓ அளவின் கதை. அதன் தண்டவாளம் ஒன்றேகால் அங்குலம், விகிதம் 1:48. பெருக்கினால் மிகச் சரியாக ஐந்தடி, அதாவது 1,524 மி.மீ. நியமப் பாதையைவிட இது மூன்றரை அங்குலம் அதிகம். அமெரிக்க ரயில் மாதிரிக்காரர்களுக்கு இது தீராத உறுத்தல். ஆனால் உள்நாட்டுப் போர்க்காலத்து ஜார்ஜியாவிலும் தெற்கு மாநிலங்கள் பலவற்றிலும் பாதை ஐந்தடிதான். 1886இல்தான் அவை இரண்டே நாளில் மாற்றப்பட்டன. ரஷ்யப் பாதையும் அந்நாளில் அதே 1,524 மி.மீ. வேறெங்கும் பிழையாக இருக்கும் அகலம் அட்லாண்டாவிலும் சைபீரியாவிலும் உண்மையாகிறது.

இந்திய அகலப் பாதை 1,676 மி.மீ. 1:76 விகிதத்தில் அது 22 மி.மீ. வரும், எஸ் அளவுத் தண்டவாளம் 22.4 மி.மீ. அகலமுள்ளது. ஓ.ஓ. வண்டிகளின் சக்கர அச்சை மாற்றி அதன்மேல் நிறுத்தினால் இந்தியப் பாதையின் அந்த விரிந்த நிற்பு அப்படியே வந்துவிடும். உழைப்பு கூடுதல், விளைவைப் பார்த்தவர் அதை வீண் என்று சொல்லமாட்டார்.

ஆண்டுக் கேள்விக்கு ஒரு விதி போதும்: எஞ்சின் போரைவிட மூத்ததாக இருக்கலாம், இளையதாக இருக்கக் கூடாது. நீராவி எஞ்சின் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கும். பிரஷ்ய பி-8 வகை 1906இல் வந்தது. மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. முதல் உலகப் போரின் முடிவில் ஜெர்மனி 5,000 எஞ்சின்களை ஒப்படைக்க வேண்டும் என்பது போர்நிறுத்த விதிகளில் ஒன்று. அதன் வழியாகவும் பின்னர் நடந்த பங்கீடுகளின் வழியாகவும் அந்த வகை எஞ்சின்கள் பெல்ஜியம், பிரான்ஸ், போலந்து எனப் பரவின. எனவே ஒரு பி-8 மாதிரி 1914க்கும் பொருந்தும், எழுத்துகளை மாற்றினால் 1939க்கும் 1944க்கும் பொருந்தும். முதன்முதலாக வாங்குவோருக்கு இப்படிப் பல போர்களில் உழைத்த எஞ்சினே சிறந்தது.

எதிர்த்திசைப் பிழைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜெர்மனியின் 52ஆம் வகைப் போர்க்கால எஞ்சின். ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டதாலும் 1:87, 1:72 அளவுகளில் ஒட்டுத் தொகுப்பாகவே கிடைப்பதாலும் கிழக்குப் போர்முனை மேசை எதிலும் அது நிற்பதைக் காணலாம். 1941 குளிர்காலத்தில் ஜெர்மன் எஞ்சின்களின் வெளிப்புறக் குழாய்கள் ரஷ்யப் பனியில் உறைந்து வெடித்தன. அந்தப் பாடத்திலிருந்தே எளிமையான, உறைபனி தாங்கும் இந்த வகை உருவானது. முதல் எஞ்சின் வெளிவந்தது 1942 செப்டம்பரில். ஆகவே மாஸ்கோ வாயிலில் நடந்த போரில் அது நிற்கவே முடியாது. அந்த மேசைக்கு உரியவை பி-8, ஜி-10 போன்ற பழைய பிரஷ்ய எஞ்சின்கள். குர்ஸ்க் முதல் பெர்லின்வரை 52ஆம் வகையைத் தயங்காமல் வைக்கலாம்.

ஐரோப்பிய மாதிரிகளின் பெட்டியில் ரோமன் எண்ணில் ஒரு காலக்குறி அச்சிட்டிருப்பார்கள். ஒன்று என்பது 1920வரை, இரண்டு என்பது 1945வரை, மூன்று அதற்குப் பின் ஏறத்தாழ 1970வரை. இரண்டாம் உலகப் போருக்கு வேண்டியது இரண்டாம் காலம், அதிலும் 1937க்குப் பிந்தைய உட்பிரிவு. ஆனால் பழைய மாதிரிச் சந்தையில் மலிவாகக் குவிந்து கிடப்பவை மூன்றாம் காலத்தவை. அவற்றைத் திருத்தலாம். ஜெர்மன் எஞ்சினின் முகப்பில் மூன்று விளக்கு இருந்தால் அது போருக்குப் பிந்தைய தோற்றம். மேல் விளக்கை அகற்றிவிட வேண்டும். போருக்குப் பின் வந்த நிர்வாகத்தின் எழுத்துகளைச் சுரண்டி எடுத்து, ஈரத்தில் ஒட்டும் எழுத்துத் தாள்களால் போர்க்கால ஜெர்மன் ரயில்வேயான ரைக்ஸ்பானின் எழுத்துகளை இடலாம். அதன்மேல் புகைக்கரியும் துருவும் பூசிவிட்டால் சிறு குறைகள் மறைந்துவிடும்.

எஞ்சினைவிட வேகன்தான் காலத்தை உண்மையாகச் சொல்கிறது. ஆட்டத்தில் அதிகம் பயன்படுவதும் அதுவே: வீரர்கள் ஏறுவதும், பின்னால் பதுங்குவதும், தீ வைப்பதும் வேகனில்தான். அமெரிக்க வேகன்களில் கப்ளிங்கை முதலில் பார்க்க வேண்டும். வளையமும் ஊசியும் கொண்ட பழைய இணைப்புதான் உள்நாட்டுப் போர்க் காலத்தது. கைவிரல் மடிந்தது போன்ற ஜேனி கப்ளிங் காப்புரிமை பெற்றது 1873இல். சட்டம் அதைக் கட்டாயமாக்கியது 1893இல். வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் 1869இல் வந்தது. அதற்கு முன் பிரேக்காரர்கள் ஓடும் வண்டியின் கூரைமேல் நடந்து, ஒவ்வொரு வேகனாகக் கைச்சக்கரத்தைத் திருகினார்கள். எனவே 1862க்கு வாங்கும் வேகனில் கூரைப்பலகையும் கைச்சக்கரமும் இருக்கலாம். காற்றுக்குழாய் தொங்கக் கூடாது. ரஷ்ய வேகன்களில் பஃபரும் திருகு இணைப்பும் 1935வரை பொது. பின்னர் தானியங்கிக் கப்ளிங் மெல்ல வந்து 1957இல்தான் முழுமையானது. உள்நாட்டுப் போர்க்கால ரஷ்ய ரயிலில் பஃபர் இல்லாத வேகன் இருந்தால் அது தவறு.

அமெரிக்க உள்நாட்டுப் போர்தான் ரயிலின் படைப்பயனை உலகுக்குக் காட்டியது. 1861 ஜூலையில் ஜான்ஸ்டனின் தெற்குப் படைகள் ரயிலேறி மனாசஸ் சந்திப்புக்கு வந்து முதல் புல்ரன் போரின் முடிவை மாற்றின. அந்தக் காலத்துக்குரிய எஞ்சின் 4-4-0 அமைப்பு: முன்னால் நான்கு சிறு சக்கரம், அதற்குப் பின் நான்கு பெரும் இயக்குசக்கரம். எல்லா அளவுகளிலும் அது கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது, அவற்றில் பல மேற்கத்திய கௌபாய்க் காலத்தை, அதாவது 1870, 80களைக் காட்டுபவை என்பது. விறகு எரிக்கும் எஞ்சினுக்குரிய பலூன் வடிவப் புகைபோக்கியும் டெண்டரில் விறகுக் குவியலும் இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம்.

இந்தப் போரின் ரயில் ஆட்டமென்றால் முதலில் நினைவுக்கு வருவது 1862 ஏப்ரல் 12. ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தலைமையில் வடக்கின் ஒற்றர்கள் ஜார்ஜியாவின் பிக் ஷாண்டியில் ‘ஜெனரல்’ என்ற எஞ்சினைக் கடத்தி வடக்கே ஓட்டினார்கள். அந்த வண்டியின் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் ஓடியும், பின் கைத்தள்ளு வண்டியிலும், பின் வழியில் கிடைத்த எஞ்சின்களிலும் துரத்தினார். கடைசியாக அவர் கையில் கிடைத்தது ‘டெக்சாஸ்’. அதைப் பின்னோக்கி ஓட்டியே ரிங்கோல்டைத் தாண்டி ஜெனரலைப் பிடித்தார். இதை மேசையில் ஆட இரண்டு 4-4-0 எஞ்சின்கள், மூன்று பெட்டி வேகன்கள் போதும். ஜெனரல் இன்றும் கென்னசா மியூசியத்தில் நிற்கிறது. ஆனால் போருக்குப் பின் அது மாற்றிக் கட்டப்பட்டது. மியூசியத்துத் தோற்றத்தை வைத்துச் செய்த மாதிரியை 1862இன் ஜெனரலாக அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

1857இன் இந்தியக் கிளர்ச்சியில் ரயிலுக்கு இடம் மிகக் குறைவு. வங்காளப் பகுதியில் பாதை ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச்வரைதான் இருந்தது. மெட்ராஸிலிருந்து போன பிரிட்டிஷ் தளபதி நீலின் படை ஏறியது அந்தப் பாதையில்தான். வண்டி புறப்பட்டுவிடாதபடி ஹவுரா நிலைய ஊழியர்களையே அவர் காவலில் வைத்தார். ஆகவே லக்னோவிலோ கான்பூரிலோ ஓடும் ரயிலை வைப்பது பிழை. ஆனால் ஆரா நகர முற்றுகையில் ரயில் வேறு விதமாக வருகிறது. அங்கே பாதை அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. முற்றுகையைத் தாங்கிய சிறு வீடு கிழக்கிந்திய ரயில்வேயின் பொறியாளர் விக்கர்ஸ் பாய்லுடையது. மண்மேடு, குவித்த செங்கல், அடுக்கிய சிலீப்பர் கட்டைகள் ஆகியவையே அந்த மேசைக்கு உரிய ரயில்வே.

போயர் போரில் கவச ரயில் தனி ஆயுதமாகிறது. 1899 நவம்பர் 15 அன்று நேட்டாலில் சீவ்லி அருகே, வின்ஸ்டன் சர்ச்சில் சென்ற கவச ரயிலைப் போயர்கள் மறித்துத் தடம்புரளச் செய்தார்கள். அந்த ரயிலில் எஞ்சின் நடுவில் இருந்தது. முன்னும் பின்னும் வேகன்கள். மேசையில் கவச ரயில் அமைக்கும் எவரும் இந்த வரிசையை மறக்கக் கூடாது: எஞ்சினை முகப்பில் வைப்பது அதை முதல் குண்டுக்குக் கொடுப்பதாகும். எஞ்சினைத் தடித்த கயிறுகளால் சுற்றிக் காத்ததும் இந்தப் போரில் உண்டு. சாதாரண மாதிரி எஞ்சினில் நூல்கயிற்றை ஒட்டியே அதைச் செய்துவிடலாம்.

முதல் உலகப் போரின் மேற்குமுனையில் பதுங்குகுழிகளுக்குக் குண்டு கொண்டுபோனது 600 மி.மீ. இலகு ரயில். அமெரிக்காவின் பால்ட்வின் கட்டிய 4-6-0 டாங்க் எஞ்சின் பிரிட்டிஷ் தரப்புக்கும், பிரிகேடுலோக் என்ற எட்டுச் சக்கர எஞ்சின் ஜெர்மன் தரப்புக்கும் உரியவை. 1:76 விகிதத்தில் 9 மி.மீ. பாதையில் பால்ட்வின் மாதிரி கிடைக்கிறது. பகலில் புகை தெரியும் என்பதால் முன்வரிசைக்கு அருகே பெட்ரோல் டிராக்டர்களே சென்றன. எனவே முன்வரிசை மேசையில் நீராவி எஞ்சினுக்குப் பதில் தட்டையான சிம்ப்ளெக்ஸ் டிராக்டர் நிற்பதே சரி.

கவச ரயிலின் பொற்காலம் ரஷ்ய உள்நாட்டுப் போர். முன்னேறும் எல்லையும் பின்வாங்கும் எல்லையும் தண்டவாளத்தை ஒட்டியே நகர்ந்தன. சிவப்பு, வெள்ளை, செக் படையணி என எல்லாத் தரப்பும் இதைக் கையாண்டது. இழுத்தது பெரும்பாலும் 0-8-0 அமைப்புள்ள ஓ வகை எஞ்சின். ரயிலின் இரு முனைகளிலும் தண்டவாளத் துண்டுகளும் சிலீப்பர்களும் ஏற்றிய வெறும் தட்டை வேகன்கள் இருக்கும்: கண்ணிவெடி முதலில் அவற்றைத் தாக்கட்டும், பாதை உடைந்தால் செப்பனிடப் பொருளும் கையில் இருக்கட்டும் என்று. மாதிரி அமைப்போர் பெரும்பாலும் விட்டுவிடும் வேகன் இதுதான். சேர்ப்பதற்கு மலிவானதும் இதுதான். 1:72இல் உக்ரைனின் யூனிமாடல் நிறுவனம் சோவியத் கவச ரயில்களைத் தொகுப்பாகத் தருகிறது. ஆனால் டி-34 டாங்கியின் கோபுரம் பொருத்திய வேகன் இரண்டாம் உலகப் போருக்குரியது. 1919இல் அதை நிறுத்தக் கூடாது.

மெக்சிகோ புரட்சிக்கும் ரயில் இன்றியமையாதது. 1913 நவம்பரில் புரட்சித் தளபதி பான்சோ வில்லா கைப்பற்றிய நிலக்கரி ரயிலில் படையை ஏற்றிச் சென்று சியூடாட் ஹுவாரெஸைப் பிடித்தார். அமெரிக்கப் பாணி 2-8-0 எஞ்சினும் பெட்டி வேகன்களும் இங்கே நேரடியாகப் பொருந்தும். கூரைமேல் குடும்பத்தோடு அமர்ந்த வீரர்களைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்கு அமெரிக்கப் படையின் எஸ்-160 எஞ்சின் பரவலாகப் பொருந்தும். 1942 முதல் இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, இந்தியா என எங்கும் சென்றது. பிரிட்டிஷ் தளங்களுக்கு ஜே-94 என்று விற்கப்படும் சேணத்தொட்டி எஞ்சினின் பிளாஸ்டிக் தொகுப்பு மலிவான தேர்வு. அதன் மூலம் 1943இன் போர்க்கால வடிவம். டைகர் டாங்கியை ரயிலில் ஏற்றிக் காட்ட விரும்புவோர் ஆறு அச்சுள்ள கனரகத் தட்டை வேகனைத் தேட வேண்டும். டாங்கியின் 725 மி.மீ. போர்ச் சங்கிலி ரயில் அகலத்தை மீறும் என்பதால் 520 மி.மீ. சங்கிலியை மாற்றித்தான் ஏற்றினார்கள்; அகலச் சங்கிலியோடு வேகனில் நிற்கும் டைகர் தவறான காட்சி.

பர்மாப் போர்முனை மீட்டர் பாதை. 1943 மார்ச்சில் சிண்டிட் எனப்பட்ட பிரிட்டிஷ் படையினர் நான்கான் அருகே தண்டவாளத்தையும் போன்சாங் பாலத்தையும் தகர்த்தார்கள். 1944இல் எஞ்சின் இல்லாத பகுதிகளில் ஜீப்புக்கு ரயில் சக்கரம் மாட்டி வேகன்களை இழுக்க வைத்தார்கள். ஒரு ஜீப்பும் இரண்டு வேகனும் இருந்தால் அந்த ரயில் தயார். ஜப்பானியத் தரப்புக்குரியது சி-56 எஞ்சின். மீட்டர் பாதைக்கு மாற்றிய 90 எஞ்சின்கள் தாய்லாந்து-பர்மா பாதைக்கு அனுப்பப்பட்டன. 1:150 மாதிரி கிடைக்கிறது, பாதைதான் அகலம் கூடியது. அந்த 415 கி.மீ. பாதையை இட்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் போர்க்கைதிகளும் இருந்தார்கள். நோயிலும் பட்டினியிலும் அவர்கள் மடிந்ததால் அது சயாம் மரண ரயில் என்றே நம்மிடையே அறியப்படுகிறது. இந்தப் பாதையை மேசையில் இடுபவர் அதைக் காட்டுச் சூழலுக்கான வெறும் அலங்காரமாக இடலாகாது. ஆட்டக் குறிப்பில் அதைக் கட்டியவர்கள் யார் என்று எழுதுவது வரலாற்றுப் பொருத்தத்தின் பகுதியே.

மேசையின் நீளம் கடைசிக் கட்டுப்பாடு. 52ஆம் வகை எஞ்சின் டெண்டரோடு ஏறத்தாழ 23 மீட்டர். அது 1:87இல் 26 செ.மீ., 1:72இல் 32 செ.மீ., 1:48இல் 48 செ.மீ. வழக்கமான ஆட்டமேசை 180 செ.மீ. நீளம். பெரிய அளவில் முழு ரயிலை நிறுத்தினால் போர்க்களம் முழுவதும் நிலையமாகிவிடும். 28 மி.மீ. ஆட்டத்துக்குச் சிறிய டாங்க் எஞ்சினும் மூன்று நான்குசக்கர வேகனும் போதும். வேகனின் உள்ளகலத்தையும் பார்க்க வேண்டும்: 1:87 வேகன் ஏறத்தாழ 3 செ.மீ. அகலம்தான். 25 மி.மீ. தகட்டில் நிற்கும் வீரன் அதில் நெருக்கியே அமர்வான், 20 மி.மீ. தகடோ தகடில்லாத சில உருவங்களோ தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

மோட்டார் தேவையில்லை. ஆட்டத்தில் ரயில் ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் என்று கையால் நகர்த்தப்படுகிறது. ஆகவே ஓடாத பழைய எஞ்சின், ஒட்டுத் தொகுப்பு, லேசரால் வெட்டிய எம்.டி.எஃப். பலகை, முப்பரிமாண அச்சு எல்லாம் சமமாகப் பயன்படும். எஞ்சினில் மிச்சப்படும் பணத்தை வேகன்களிலும் நல்ல தண்டவாளத்திலும் செலவிடலாம். தண்டவாளத்தை மரப்பட்டியில் ஒட்டி, ஜல்லி தூவி, ஓரங்களைச் சரித்து, 30 செ.மீ. துண்டுகளாக வைத்துக்கொண்டால் எந்த மேசையிலும் சேரும். வளைவுத் துண்டுகள் இரண்டு போதும். தகர்க்கப்பட்ட பாதைக்கென ஒரு துண்டைத் தனியே செய்ய வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கானால் அதில் சிலீப்பர் தீயில் காய்ச்சி மரத்தில் சுற்றி வளைத்த தண்டவாளங்கள் இருக்கட்டும். வடக்கின் தளபதி ஷெர்மனின் படை ஜார்ஜியாவில் விட்டுச்சென்றது அவற்றைத்தான்.